சீன மருத்துவ மேதை லீ ஷி ஜென்

ஜொகூர் பாருவில் தான் ஹியோக் நீ சாலையைச் சுற்றியுள்ள பழைய கடைவீதிகளிலும், குளுவாங், மூவார், பத்து பகாட் முதலிய நகரங்களிலும் சீன மருந்துக் கடைகள் இருப்பதை யாவரும் அறிவர். கடையின் பின்சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு, சிறு சிறு இழுப்பறைகள் நிறைந்த பெரிய அலமாரி ஒன்று நிற்கும். சீனர் அதனை 'நூறு பிள்ளைகளின் அலமாரி' எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். கடைக்காரர் வைத்தியர் எழுதிய சீட்டைப் பார்ப்பார். ஓர் இழுப்பறையைத் திறப்பார். வேரையோ பட்டையையோ சிறு தராசில் நிறுப்பார். தாளில் மடித்துக் கொடுப்பார். அவ்விழுப்பறைகளுள் எட்டிப் பார்க்கும் தமிழர், தம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைக் கண்டதுபோல் வியப்படைவதும் உண்டு. சுக்கு, அதிமதுரம், கருவாப்பட்டை, கிராம்பு, சாதிக்காய், தாமரை விதை ஆகிய யாவும் அங்கே இருக்கின்றன.

இவ்விடத்தில் எளிய கேள்வி ஒன்று எழுகின்றது. சீட்டில் எழுதிய பெயருக்கு உரிய பொருள்தான் இழுப்பறையில் இருக்கின்றது என்பதற்கு உறுதி என்ன? வைத்தியர் ஒரு வேரை எண்ணி எழுதியிருக்கலாம். கடைக்காரர் அதே பெயர் பெற்ற வேறொரு வேரை எடுத்துக் கொடுத்துவிடலாம். நோயாளிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வயிற்றுக்குள் சென்ற பிறகே வேறுபாடு தெரியும்.

இக்கேள்வியைத் தம் வாழ்நாட் கேள்வியாகக் கொண்டு, அதற்கு விடை காண 27 ஆண்டுகளைச் செலவிட்டவர் ஒருவர் சீன நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் லீ ஷி ஜென். அவர் இயற்றிய 'பென் சாவ் காங் மூ' என்னும் பெருநூல் இன்றும் சீன மருத்துவம் பயில்வோர்க்கு அடிப்படை நூல்களுள் ஒன்றாக விளங்குகின்றது. 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக நினைவேடுகளின் வரிசையில் சேர்த்துக்கொண்டது.

தோல்வியில் பிறந்த வைத்தியர்

லீ ஷி ஜென் 1518ஆம் ஆண்டில், இன்றைய ஹூபே மாநிலத்தைச் சேர்ந்த ச்சீ சௌ என்னும் ஊரில் பிறந்தார். மிங் மரபு அரசர்கள் ஆண்ட காலம் அது. அவருடைய பாட்டனார், கையில் மணியை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று மருந்து கொடுக்கும் நாட்டு வைத்தியர். தந்தையார் லீ யென்வென் அவ்வட்டாரத்தில் பெயர் பெற்ற மருத்துவர். மூலிகைகளைப் பற்றி நூல் எழுதிய புலவருமாவார்.

இத்தகைய குடும்பத்திற் பிறந்தும், மகன் வைத்தியனாக வேண்டும் எனத் தந்தையார் விரும்பவில்லை. அக்காலச் சீனத்தில் வைத்தியத்தொழிலுக்குப் பெருமதிப்பு இருந்ததில்லை. அரசாங்கத் தேர்வு எழுதி, வென்று, அதிகாரியாவதே மேன்மை எனக் கருதப்பட்டது. சிறுவன் 14 வயதிலேயே முதனிலைத் தேர்வில் வென்றான். ஆயின் அடுத்த படியாகிய மாநிலத் தேர்வில் மும்முறை அமர்ந்தும் தேறவில்லை. அதன்பின், ஏறத்தாழ 23ஆம் வயதில், தந்தையாரிடமே மருத்துவம் பயிலத் தொடங்கினார்.

இதற்கிடையில் நிகழ்ந்த ஒன்றைப் பிற்காலத்தில் அவரே தம் நூலில் எழுதி வைத்துள்ளார். 20 வயதளவில் அவரைக் கடுஞ்சளியும் இருமலும் காய்ச்சலும் பற்றின. பல மருந்துகள் உண்டும் குணமில்லை. பிழைக்கமாட்டார் என்றே சுற்றத்தார் எண்ணினர். அப்பொழுது தந்தையார், 'ஹுவாங் சின்' என்னும் வேர் ஒன்றை மட்டும் தக்க அளவில் கஷாயமிட்டுக் கொடுத்தார். காய்ச்சல் தணிந்தது, சளியும் இருமலும் அகன்றன. பொருளும் அளவும் சரியாக அமைந்தால் ஒரு வேரே போதும் என்னும் பாடம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

அரண்மனையில் கண்டது

வைத்தியத்தில் தேர்ந்த பின்னர் அவர் புகழ் பரவியது. ச்சூ நாட்டு இளவரசரின் மகனுக்கு நேர்ந்த நோயைத் தீர்த்தமையால், அவ்விளவரசரின் மாளிகையில் பதவி பெற்றார். அங்கிருந்து பீக்கிங் நகரத்து அரச மருத்துவ நிலையத்திற்கும் அனுப்பப்பட்டார். வேறொருவராயின் அப்பதவியிலேயே முதுமை வரை இருந்திருப்பார். லீயோ, ஏறத்தாழ ஓராண்டிற்குள் அதனை விட்டு ஊர் திரும்பினார்.

அக்காலத்தில் அரியணையில் இருந்தவர் ஜியாஜிங் பேரரசர். சாவாமை வேண்டி, இரசவாதிகள் செய்து கொடுக்கும் மருந்துகளில் பித்துக்கொண்டிருந்தவர் அவர். இரசத்தையும் ஈயத்தையும் சேர்த்துச் செய்யப்பட்ட மாத்திரைகளைச் 'சஞ்சீவி' எனக் கூறி விழுங்கும் வழக்கம் சீன நாட்டுச் செல்வர்களிடம் நெடுங்காலமாக இருந்தது. பழைய மருந்து நூல்கள் சிலவும் இரசம் ஆயுளை நீட்டும் என்று எழுதியிருந்தன.

லீ இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். நெடுவாழ்வின்மேல் ஆசை கொண்டு இரசத்தை உண்டு, உறுப்பிழந்தும் உயிரிழந்தும் போனவர் எண்ணற்றவர் என்றார். இரசவாதிகளின் பேச்சைப் பொருட்படுத்தத் தேவையில்லை. மருந்து நூலே பொய் சொல்லலாமா என்பதே அவர் வினா. ஈயச் சுரங்கங்களில் பல மாதம் வெளிவராது வேலை செய்வோர், தோல் மஞ்சள் பூத்து, வயிறு உப்பி, உண்ண முடியாமல் நோயுற்று மடிவதையும் அவர் பதிவு செய்துள்ளார். தொழிலாளர் உடலைத் தொழிலே கெடுப்பதைக் கவனித்து எழுதிய பழைய குறிப்புகளுள் இஃது ஒன்று.

நூல் பிறந்த வகை

1552ஆம் ஆண்டில், தம் 34ஆம் வயதில், பழைய மருந்து நூல்களைத் திருத்தி ஒரு முழுமையான நூல் செய்ய அவர் முனைந்தார். அதற்குரிய காரணம் அவருடைய அன்றாடத் தொழிலிலேயே இருந்தது. முன்னோர் நூல்களில் ஒரே மூலிகை இரண்டு பெயரால் இரண்டு இடங்களில் இருந்தது. இரண்டு மூலிகைகள் ஒரே பெயருக்குள் அடங்கியிருந்தன. உடலுக்கு வலுவூட்டும் வேர் ஒன்றும், ஆளைக் கொல்லும் நஞ்சுக்கொடி ஒன்றும் ஒத்த தோற்றமுடையவை எனப் பழைய நூல் ஒன்று கூறியிருந்தது. இத்தகைய குழப்பத்தின் விலை மனித உயிர் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் 800க்கு மேற்பட்ட நூல்களை ஆராய்ந்தார். அத்துடன் நில்லாது ஊர் ஊராக நடந்தார். உழவர், மீனவர், வேடர், விறகு வெட்டுவோர் ஆகியோரிடம் கேட்டறிந்தார். ஏட்டில் உள்ளதைக் கண்ணால் கண்டு தெளிவதே அவர் முறை.

இதற்கு இரண்டு சான்றுகள் கூறலாம். முதலாவது, எறும்புத்தின்னி. அது செதில்களை விரித்து எறும்புகளைக் கவர்ந்து உண்ணும் எனப் பழைய நூல் கூறியது. லீ அவ்விலங்கின் இரைப்பையை அறுத்துப் பார்த்தார். ஏறத்தாழ ஒரு படி எறும்பு இருந்தது எனக் குறித்தார். இரண்டாவது, நாம் நன்கறிந்த ஊமத்தை. அதன் பூவைச் சிரித்துக்கொண்டே பறித்து மதுவிலிட்டுக் குடித்தால் சிரிப்பு வரும் என்றும், ஆடிக்கொண்டே பறித்தால் ஆட்டம் வரும் என்றும் மக்கள் பேசிக்கொண்டனர். லீ அதனைத் தாமே சோதித்துப் பார்த்தார். அரை மயக்கத்தில் உள்ளவரைப் பிறர் சிரிக்கவோ ஆடவோ தூண்டினால் அவ்வாறே செய்வர் என்று கண்டார். அறுவை செய்யும்போது வலி தெரியாதிருக்க அஃது உதவும் என்றும் எழுதினார். ஊமத்தைக்குச் சீனர் வழங்கும் 'மான் துவோ லோ' என்னும் பெயர் வடமொழியிலிருந்து பௌத்த நூல்கள் வழியாகச் சென்ற சொல் என்பது தமிழ் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாகும்.

மும்முறை திருத்தி எழுதப்பட்ட இந்நூல் 1578ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அப்பொழுது அவருக்கு வயது 60.

நூலின் அமைப்பு

'பென் சாவ் காங் மூ' 52 பாகங்கள் கொண்டது. இதில் 1,892 மருந்துப் பொருள்கள் விளக்கப்படுகின்றன. அவற்றுள் 374 பொருள்களை லீயே புதிதாகச் சேர்த்தார். 11,096 மருந்து முறைகளும், 1,100க்கு மேற்பட்ட படங்களும் இதில் உள்ளன.

எண்ணிக்கையைவிட முறைமையே பெரிது. பொருள்கள் அனைத்தும் 16 பெரும் பிரிவுகளாகவும் 60 உட்பிரிவுகளாகவும் வகுக்கப்பட்டன. நீர், நெருப்பு, மண், உலோகமும் கல்லும் என உயிரற்றவற்றில் தொடங்கி, புல் பூண்டு, தானியம், காய்கறி, பழம், மரம் எனச் சென்று, பூச்சி, மீன், பறவை, விலங்கு என ஏறி, மனிதனில் முடிகின்றது நூல்.

ஒவ்வொரு பொருளையும் பற்றிக் கூறுகையில் அவர் எட்டுத் தலைப்புகளைக் கையாண்டார். பெயர் விளக்கம், முன்னோர் கூற்றுகளின் தொகுப்பு, பிழை திருத்தம், பதப்படுத்தும் முறை, தன்மையும் சுவையும், தீர்க்கும் நோய்கள், ஆசிரியரின் ஆய்வுரை, மருந்து முறைகள் என்பன அவை. முதலில் நிற்பது பெயர் விளக்கம். பெயர் தெளிந்த பின்னரே குணம் பேசப்படுகின்றது. 'பிழை திருத்தம்' என்பதற்குத் தனித் தலைப்பே அமைத்தமை அவர் நோக்கத்தை நன்கு காட்டும்.

அச்சேறிய கதை

நூல் முடிந்தும் அதனை அச்சிட முன்வருவார் இல்லை. அத்தனை பெரிய நூலை மரப்பலகைகளில் செதுக்கி அச்சிடுவது பெருஞ்செலவு. 1580ஆம் ஆண்டில் லீ, அக்காலத்தின் பெரும்புலவரான வாங் ஷி ஜென் என்பவரைத் தேடிச் சென்று அணிந்துரை வேண்டினார். இருவர் பெயரும் ஓசையில் ஒத்திருந்தன. ஆயினும் அணிந்துரை எளிதிற் கிடைக்கவில்லை. பத்தாண்டு கழித்து, 1590இல்தான் அது கைக்கு வந்தது. பின்னர் நான்கிங் நகரத்துப் பதிப்பாளர் ஹூ செங்லோங் அச்சுப்பணியை ஏற்றார். 1593ஆம் ஆண்டில் லீ காலமானார். தம் நூல் நாடெங்கும் பரவியதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

1596இல் அவர் மைந்தர் நூலை வான்லி பேரரசருக்குச் சமர்ப்பித்தார். அரசவை அதனைப் பெரிதாகப் போற்றவில்லை. மக்களே போற்றினர். மீண்டும் மீண்டும் அச்சாகி, 1607ஆம் ஆண்டளவில் நாகசாகி வழியாக ஜப்பானை அடைந்தது. 1735இல் பாரிசில் துய் ஹால்த் என்னும் பாதிரியார் வெளியிட்ட சீன நாட்டு வரலாற்றில் இதன் பகுதிகள் பிரெஞ்சு மொழியில் இடம்பெற்றன.

ஜொகூர் காடும் சீன ஏடும்

இந்நூலில் நம் வட்டாரமும் இருக்கின்றது. மரங்கள் பற்றிய பிரிவில் 'லோங் நாவ்', அதாவது 'நாகமூளை', என்னும் பெயரில் ஒரு நறும்பொருள் வருகின்றது. அதுவே பச்சைக் கற்பூரம். சுமத்திராவின் பாரூஸ் துறைமுகத்திலிருந்து சென்றதால் பாரூஸ் என்னும் பெயரும் சீன ஏடுகளில் அதற்கு வழங்கியது. அதே பாரூசில், 1088ஆம் ஆண்டில், ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் தமிழ்க் கல்வெட்டு ஒன்றை நிறுத்தினர் என்பது வரலாறு. கோயிலுக்கும் மருந்துக்கும் தமிழர் விரும்பிய பொருளும், சீன வைத்தியர் விரும்பிய பொருளும் ஒரே காட்டு மரத்திலிருந்து கிடைத்தன.

அம்மரம் ஜொகூர்க் காடுகளிலும் உண்டு. மலாய் மொழியில் 'காப்பூர்' என்பர். அதனைத் தேடிச் சென்றவர்கள் ஜாக்கூன் என்னும் பழங்குடி மக்கள். கற்பூரம் தேடும் நாட்களில் அவர்கள் வழக்கமான சொற்களைப் பேசுவதில்லை; அதற்கெனத் தனிச் சொற்கள் வைத்திருந்தனர்; உணவிலும் விலக்குகள் காத்தனர். 1894ஆம் ஆண்டில் லேக், கெல்சால் என்னும் இருவர் 'ஜொகூரின் கற்பூர மொழி' பற்றி அரச ஆசியக் கழகத்தின் ஏட்டில் கட்டுரை எழுதினர். சீனத்து ஏட்டில் ஒரு வரியாக உள்ள மருந்துக்குப் பின்னால் எத்தனை மக்களின் அறிவும் உழைப்பும் நிற்கின்றன என்பதை இதனால் உணரலாம்.

குறைகளும் உண்டு

பெரியோர் நூல் என்பதற்காக அதிலுள்ள யாவும் மெய் எனக் கொள்ளலாகாது. மின்மினிகளுள் ஒருவகை புல்வேரிலிருந்து மாறிப் பிறக்கின்றது என லீ நம்பினார். புலியெலும்பு, காண்டாமிருகக் கொம்பு, எறும்புத்தின்னிச் செதில் ஆகியனவும் அவர் நூலில் மருந்துகளாக உள்ளன. அவற்றின் மேல் எழுந்த வேட்கையால் அவ்விலங்குகள் அருகின. 1993இல் சீன அரசாங்கம் புலியெலும்பு, காண்டாமிருகக் கொம்பு ஆகியவற்றின் வாணிகத்தைத் தடை செய்தது. 2020இல் எறும்புத்தின்னியைத் தன் மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. நம் நாட்டுக் காடுகளில் வாழும் எறும்புத்தின்னியும் அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரேயாகும்.

இனி, பழைய ஏட்டை ஆராய்ந்து பயன்பெற்றதற்குச் சிறந்த சான்று மலேரியா மருந்து. ஒரு காலத்தில் மலாயாத் தோட்டங்களில் நம்மவரைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற நோய் அது. 'சிங் ஹாவ்' என்னும் செடி முறைக்காய்ச்சலைத் தீர்க்கும் என நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் எழுதினார். லீயும் அதனைக் குறித்துள்ளார். தூ யூயூ என்னும் அம்மையார், 1959 முதல் 1962 வரை சீன மருத்துவமும் பயின்ற மருந்தியல் அறிஞர். பழைய நூல் அச்செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை, நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்கின்றது என்பதை அவர் ஊன்றிக் கவனித்தார். சூட்டினால் சத்து கெடுகின்றது போலும் என எண்ணி, குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு அதனைப் பிரித்தார். 1971இல் வெற்றி கிட்டியது. மருந்தை நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் 1972இல் தாமே உண்டு சோதித்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். இங்கும் பெயர்க் குழப்பம் இருந்தது. சிங் ஹாவ் என்னும் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளுக்கு வழங்கிற்று; சத்து நிறைந்திருந்ததோ ஆர்ட்டெமிசியா அன்னுவா என்னும் செடியில்தான்.

பெயர் மாறினால் உயிர் போகும்

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி பெல்ஜியத்தில் நடந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிய விரும்பிய பெண்களுக்குச் சீன மூலிகை சேர்ந்த மாத்திரை கொடுக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அவர்களுட் பலருக்குச் சிறுநீரகம் செயலற்றுப் போயிற்று. 1993இல் மருத்துவர்கள் அதனை வெளியிட்டனர். சேர்த்திருக்க வேண்டியது 'ஹான் ஃபாங் ஜி'. சேர்ந்திருந்தது 'குவாங் ஃபாங் ஜி'. பெயரில் ஓர் அசையே வேறு. பின்னது அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் விளைக்கும்.

இதனைப் பிறர் கதை என நாம் ஒதுக்கிவிட இயலாது. ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனத்துச் செடிகளே. பாட்டி வைத்தியம் தீங்கு செய்யாது என்னும் நம்பிக்கையோடு இவற்றை வீட்டிலேயே இடித்துக் குடிப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளுக்குப் பதிவுமுறை 1992ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் உறையில் எம், ஏ, எல் என்னும் மூன்று எழுத்துகளில் தொடங்கி, எண்கள் வந்து, டி என்னும் எழுத்தில் முடியும் பதிவெண் இருக்கும். 2016ஆம் ஆண்டில் நிறைவேறிய 775ஆம் சட்டம், மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவம் முதலியவற்றைச் செய்வோரும் பதிவு பெறுதல் வேண்டும் என்கின்றது. அரசாங்க மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகள் முதன்முதலாக 2007, 2008ஆம் ஆண்டுகளில் அமைந்தபோது, ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் அவற்றுள் ஒன்றாயிற்று. சந்தையிலும் பக்கத்து வீட்டாரிடமும் பெயர் தெரியாப் பொட்டலத்தை வாங்கி உண்பதைவிட, பதிவெண்ணைப் பார்ப்பதும், உண்ணும் நாட்டு மருந்தை ஆஸ்பத்திரி டாக்டரிடம் மறைக்காமற் கூறுவதும் அறிவுடைமையாகும்.

தோட்டத்துப் பள்ளியில் ஒரு பாடம்

மழைக்குப் பின் தோட்டத்து வீடுகளின் ஓரத்தில் கீழாநெல்லி தானாக முளைக்கும். இலைக்குக் கீழே சிறு நெல்லிபோல் காய்ப்பதால் தமிழர் அதற்கு அப்பெயர் இட்டனர். தாய் பிள்ளையை முதுகில் சுமப்பதுபோல் இருப்பதால் மலாய்க்காரர் 'டுக்கோங் அனாக்' என்றனர். சீனர் 'இலையடி முத்து' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர். மூன்று இனத்தாரும் குனிந்து, இலையைத் திருப்பி, ஒன்றையே கண்டனர். எனினும், சீனர் அப்பெயரால் குறிப்பது நம் கீழாநெல்லியை அன்று. அதன் நெருங்கிய உறவாகிய, தண்டு சிவந்த மற்றொரு செடியையே. ஒப்புமையும் வேற்றுமையும் ஒரு செடியிலேயே நமக்கு விளங்குகின்றன.

பள்ளித் தோட்டத்தில் பத்துச் செடிகளை நட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் தமிழ், மலாய், சீனப் பெயர்களை எழுதி வைத்து, இலை, பூ, காய் ஆகியவற்றை மாணவர் தாமே பார்த்து வரையும்படி செய்யலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அவ்வாறு பயின்ற பிள்ளை, நாளைக்கு எந்த மருந்துக் கடைக்குச் சென்றாலும், "இது எந்தச் செடி?" என்று கேட்ட பின்னரே கை நீட்டும்.